நான் வெட்டிய அறுநூறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், வரலாறு போட்டிருந்தீர்கள். 1876-இல் விக்காம் பிரேசிலிலிருந்து விதை கொண்டுபோனார், மறு ஆண்டு மலாயாவின் கோலகங்சாரில் கன்று நட்டார்கள், பிறகு ரிட்லி பால் எடுக்கப் பட்டை வெட்டும் முறையைக் கண்டார். அத்தோடு கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் மரம் சும்மா நின்றது போலும்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு ஆண்டு பால் வெட்டியவள். பினாங்கில் படிக்கும் பேரன் தீபாவளிக்கு வந்தபோது, "பாட்டி, உங்கள் பால்மரத்தின் மரபணுத் தொகுதியை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வாசித்து, 2013-லேயே வெளியிட்டுவிட்டார்கள்" என்றான். எந்த மரம் என்று கேட்டேன். மரம் என்றால் மரம்தானே என்று விழித்தான். பால் வெட்டியவளிடம் சொல்லும் பேச்சா இது? கைப்பேசியில் தேடிவிட்டு, "ஆர்.ஆர்.ஐ.எம். 600" என்றான். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எண் போட்டுக் கொடுத்த ரகம் அது.

அறுநூறு! என் நிரையில் நின்றது அதுதான். பால் நன்றாகக் கொடுக்கும். ஆனால் மழைக்காலம் வந்தால் கிளைக் கவட்டில் இளஞ்சிவப்பாகப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து பால் தானாக வழியும், மேல்கிளை பட்டுப்போகும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். மரத்துக்கா காது இருக்கிறது?

அந்த மரத்தின் மரபணு எழுத்துகள் ஏறத்தாழ 215 கோடியாம். அதில் முக்கால் பங்குக்கு மேல் வந்ததே வரும், என் மாமியார் கதை சொல்வதுபோல. அதனால்தான் துண்டு துண்டாக வாசித்ததைக் கோப்பது பெரும்பாடு என்றான் பேரன்.

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் மக்சூதுல் ஆலம். வங்காளதேசத்தில் பிறந்தவர், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2008-இல் வெளியான பப்பாளி மரபணு ஆய்விலும் அவர் பங்கு உண்டு. 2010-இல் தம் நாட்டுச் சணலை வாசித்தார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. சணல் தண்டை அழுகவைக்கும் மேக்ரோஃபோமினா பூஞ்சையையும் விடாமல் வாசித்து 2012-இல் வெளியிட்டார். 500-க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தாக்கும் பூஞ்சை அது. செடியின் சுவரைக் கரைக்கும் நொதிகளை அது எத்தனை வைத்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது. வீட்டைப் பூட்டினால் போதுமா, திருடன் பையில் என்ன சாவி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா?

பால்மரத்துக்கு இது மிகவும் தேவை. தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் விக்காமின் விதை வழி வந்தவை; அதிலும் ஒரே மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டியவை, எல்லாம் ஒரே அச்சு. ஒரு மரத்தைப் பிடித்த நோய் நிரை முழுவதையும் பிடிக்கும். கன்று நட்டு உளி படுவதற்கு ஆறேழு ஆண்டாகும். நல்ல கன்றை மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே பொறுக்க முடிந்தால் அத்தனை ஆண்டும் மிச்சம்.

ஆலம் 2014 டிசம்பரில், 60 வயதில் காலமானார். மாணவர் பக்கத்தில் ரிட்லிக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் போடுங்கள். எழுதுகிறவர் வெறுமனே 'ரப்பர் மரம்' என்று எழுதாமல் 600 என்ற எண்ணையும் சேர்க்கட்டும். அந்த எண்ணைக் கண்டால் நின்று படிக்கிற கிழவிகள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறோம்.

முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்