விமர்சனத்தில் சத்தத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024-இல் வந்த படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த தொகுப்பைப் படித்தேன். கதை, நடிப்பு, வசூல் எல்லாம் எழுதியிருந்தீர்கள். காதுக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு இந்த வருடம் படங்களும் சீரியல்களும் நின்றதும் விழுந்ததும் அதில்தான்.

காங்கேயத்தில் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். டிவி எனக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. கண் துணியில், காது சீரியலில். யார் அழுகிறார்கள், யார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் திரும்பாமலே தெரியும். இப்படி டிவியைக் ‘கேட்கிற’ பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. அடுப்படியில் நிற்கிறவர்கள், பீஸ் மடிக்கிறவர்கள் யாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

‘எதிர்நீச்சல்’ சீரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி குணசேகரன் கூடத்துக்குள் வரும் முன்பே அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்துவின் குரல் வந்துவிடும். அந்தப் பாத்திரத்தின் மேல் எவ்வளவு எரிச்சல் வந்ததோ, அவ்வளவு ஆசையாகவும் அந்தக் குரலைக் கேட்டோம். 2023 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், ஒரு முறைப்பு முறைத்தால் போதும் என்றார்கள். முறைப்பு எனக்கு எங்கே கேட்கும்? 2024 ஜூனில் தொடர் முடிந்தபோது எனக்குப் பெரிய வருத்தமில்லை. டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடியும் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

‘சிங்கப்பெண்ணே’ நாயகி வேலை செய்வது துணிக் கம்பெனியில். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருக்க முடியுமா? ஆனால் அந்தக் கம்பெனியில் மெஷின் ஓடுகிற சத்தத்தைவிட வயலின் சத்தம்தான் என் காதில் அதிகம் விழுகிறது. நிஜக் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கத்த வேண்டும். அந்தக் கத்தலிலேயே சிரிப்பும் சண்டையும் காதலும் நடக்கும். அதைச் சீரியலில் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, சினிமாவுக்கு வருகிறேன். தீபாவளித் துணியெல்லாம் கொடுத்து முடித்து, நவம்பரில் வீட்டோடு திருப்பூருக்குப் போய் ‘கங்குவா’ பார்த்தோம். சூலூர்ப் பக்கத்து சிவகுமார் வீட்டுப் பிள்ளை சூர்யா நடித்த படம் என்று என் மாமனாரும் கிளம்பி வந்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ஏம்மிணி, எல்லாரும் எதுக்கு இந்தக் கத்துக் கத்தறாங்க?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மெஷின் இல்லாமலே மிச்சப் படம் முழுக்க அவருக்குக் கேட்டது. சத்தத்தை இரண்டு பாயின்ட் குறைத்து வைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பிறகு சொன்னார். ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் இந்தச் சத்தப் போட்டியைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். இரண்டு பாயின்ட் குறைத்தால் தேறுகிற படமா அது என்பது வேறு பேச்சு.

அதே வீட்டுத் தம்பி கார்த்தி நடித்த ‘மெய்யழகன்’ செப்டம்பரில் வந்தது. அதைத் தயாரித்தவர்களே சூர்யாவும் ஜோதிகாவும்தான். ஒரு ராத்திரி முழுக்க இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். ஒருவர் வாய் ஓயாமல் பேச, இன்னொருவர் பேச்சுவாக்கில் பெயரைக் கேட்டுவிட முடியாதா என்று தவிக்கிறார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் “என்னை யாருன்னு தெரியுதுங்களா?” என்று ஓர் ஒறம்பரை வந்து நின்றால் எனக்கும் அதே தவிப்புதான். பேச்சுக்கு நடுவே வருகிற மௌனத்தில் தியேட்டரில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நீளம் அதிகம் என்று சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். கத்தலை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னதில் எனக்குச் சம்மதம். பேச்சை 18 நிமிடம் குறைத்ததில் இல்லை.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ உறுமல், காற்று, கயிற்றில் கட்டிய சேவல், தொண்டை கட்டிய சூரியின் குரல். அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் ஸ்பீக்கர் போய்விட்டதா என்று சத்தமாகவே கேட்டார். முடிவு எனக்குப் போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெண் பேசாமல் இருப்பது எத்தனை பேரை ஆத்திரப்படுத்துகிறது என்பதை இசை போட்டிருந்தால் கேட்டிருக்கவே மாட்டோம்.

இந்த வருடம் தியேட்டரில் நான் கேட்ட நல்ல சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்ததில்லை, ஜனங்களிடமிருந்து வந்தது. ‘லப்பர் பந்து’வில் தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 1989-இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலிக்கிறது. விஜயகாந்த் போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தியேட்டரே சேர்ந்து பாடியது. பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ குகைக்குள் ‘குணா’ பாட்டு வந்தபோதும் அப்படித்தான். மலையாளம் புரியாதவர்களுக்கும் அந்த இடம் புரிந்தது. அப்புறம் அந்தப் பாட்டுக்காக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது தனிக் கதை.

இறந்தவர்களின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்ததுதான் எனக்கு உறுத்தல். ‘லால் சலாம்’ படத்தில் ஷாகுல் ஹமீதும் பம்பா பாக்யாவும் பாடினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக இசையமைத்த ரஹ்மான் சொன்னார். நியாயமாக நடந்துகொண்டார், மறுக்கவில்லை. ஜனவரியில் இறந்த பவதாரிணியின் குரல் ஜூனில் ‘கோட்’ படப் பாட்டாக வந்தது. கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன், கண் கலங்கிவிட்டது. அப்புறம் யோசித்தால், அதைப் பாடியது அவர் இல்லையே, யார் பாடியதற்கு அழுதேன் என்று கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அவரே பாடிய பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றனவே, அவை போதாதா?

‘பிக் பாஸ்’ பற்றி ஒன்று மட்டும். முன்பு கமல் சுற்றி வளைத்துப் பேசியபோது தையல் நன்றாக ஓடியது. அக்டோபரில் அவர் இடத்துக்கு வந்த விஜய் சேதுபதி நறுக்கென்று முடித்துவிடுகிறார். போட்டியாளர்களுக்கு அதுதான் வேண்டும். எனக்குக் கமல்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. உங்கள் விமர்சகர்கள் படம் பார்த்துவிட்டு எழுதும்போது, சத்தம் எப்படி, காது மெஷின் வைத்த பெரியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகலாமா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டிக்கெட்டும் பஸ் செலவும் போட்டுப் போகிறவர்களுக்கு உதவும். பொங்கல் படங்களிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காங்கேயம்.