மெஷினுக்கு மட்டும் இல்லைங்க, அதைப் பாக்குற ஆளுக்கும் காசு வேணும்

எல்லாருக்கும் வணக்கம். வண்டிப்பெரியார், ஏலப்பாறை பக்கத்து தேயிலைத் தோட்ட லயங்கள்ல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இருக்குறவங்களுக்கும், இங்க பொறந்து திருப்பூர், கோயமுத்தூர், கம்பம், துபாய்னு போயிட்ட நம்ம பிள்ளைங்களுக்கும் கமிட்டி சார்பா எழுதுறோம்.

ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சவங்க, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துட்டு இதயத்தோட பம்பிங் கம்மின்னு மாத்திரை சாப்பிடுறவங்கன்னு நம்ம லிஸ்ட்ல இப்ப 20 பேர் இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரின்னா ஒரு பக்கம் கோட்டயம், இல்லன்னா குமுளி வழியா மலை இறங்கி தேனி, ஜீப் வாடகை ஒரு பக்கம், அன்னிக்கு கூலியும் போச்சு, அதனால சம்பளம் வரட்டும்னு தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு கடைசில கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டி, நடு ராத்திரில தூக்கிட்டு ஓடுறோம். ஆனா பம்பிங் கம்மியானவங்களுக்கு இது பெரும்பாலும் ஒரே ராத்திரில வர்றது இல்ல. ஒடம்புல நீர் தங்க ஆரம்பிச்சதுமே வெயிட் ஏறும். 3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறிச்சுன்னா உடனே டாக்டர் காதுக்கு போகணும், அவரு பாத்து நீர் மாத்திரைய கூட்டிக் குடுத்தா பல நேரம் அட்மிட் ஆகாமலே சமாளிச்சிடலாம். நீங்களா கூட்டிக்காதீங்க, கிட்னிக்கு ஆகாது.

திட்டம் இதுதான். வீட்டுக்கு ஒரு எடை மெஷின், கையில கட்டுற பிபி மெஷின். காலைல எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி ஏறி நின்னு நம்பர அனுப்பணும். டவர் இல்லாத லயமா இருந்தா பேக்டரி மேட்டுக்கு போற யாராவது அனுப்பி விடுவாங்க, வெறும் நம்பர் தானே, எஸ்எம்எஸ் போதும். நம்ம லயத்துலயே இருக்குற நர்ஸ் சிஸ்டர் தினமும் பாப்பாங்க, நம்பர் வரலைன்னா அவங்களே கேப்பாங்க. அவங்க கையில சின்ன ஈசிஜி மெஷின் ஒன்னு இருக்கும். கம்பத்துல ஒரு டாக்டர் பாக்க ஒத்துக்கிட்டாரு. தமிழ்நாட்டு டாக்டர் கேரளாக்காரங்கள போன்ல பாக்கலாமான்னு சிலர் கேட்டாங்க, 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் விதிப்படி இந்தியால எங்க இருக்குற நோயாளியவும் பாக்கலாம்.

செலவு: 20 வீட்டுக்கு மெஷின் 60,000, ஈசிஜி மெஷின் 35,000, சிஸ்டருக்கு மாசம் 5,000 வீதம் வருஷத்துக்கு 60,000. மொத்தம் 1,55,000. கைல 40,000 இருக்கு, இன்னும் 1,15,000 வேணும்.

இதுல ஒரு சிக்கல், வெளிப்படையாவே சொல்லிடுறோம். மெஷின்னா குடுக்க ஆள் இருக்கு, கோயில் டியூப்லைட்டு மாதிரி உபயம்னு பேரு எழுதிக்கலாம்ல. சிஸ்டர் சம்பளத்துல பேரு எழுத எடம் இல்ல, அதான் அதுக்கு யாரும் கை நீட்ட மாட்டேங்குறாங்க. ஆனா அமெரிக்கால இதே மாதிரி இதய நோயாளிங்க 1,653 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க, தானியங்கி போன்ல நோயாளியே தன் விவரத்தை சொல்லணும், ஒரு பலனும் தெரியல, 100ல 14 பேர் ஒரு தடவை கூட அதைத் தொடவே இல்ல. 2018ல ஜெர்மனில 1,500 பேருக்கு மேல வச்சு பண்ணதுல இதே எடை, பிபி, ஈசிஜி தான், ஆனா அந்தப் பக்கம் டாக்டரும் நர்சும் 24 மணி நேரமும் பாத்தாங்க, வருஷத்துக்கு 100 பேர்ல சுமாரா 11 சாவு 8ஆ கொறைஞ்சுது. நம்மளால 24 மணி நேரம் முடியாது, அந்த அளவுக்கு பலன் வரும்னும் வாக்கு குடுக்கல. தினமும் ஒரு ஆளு பாக்குறதாவது நிக்காம நடக்கணும், அதுக்குத்தான் முக்கியமா கேக்குறோம்.

நெஞ்சு வலி, வேர்வை, இடது கை இழுக்குதுன்னா மெசேஜ் போட்டு காத்திருக்காதீங்க, நேரா 108. யாரோட எடை, பிபி நம்பரும் வாட்ஸ்அப் குரூப்ல வராது, சிஸ்டர், டாக்டர், வீட்டு ஆளுங்க மட்டும் தான் பாப்பாங்க.

மாசம் 500 ரூபா வருஷம் முழுக்க தர 10 பேர் கெடைச்சா சிஸ்டர் சம்பளம் முடிஞ்சுது. பேங்க் விவரத்தை கமிட்டி ஆளுங்ககிட்ட நேர்லயோ தெரிஞ்ச நம்பர்லயோ கேட்டு வாங்குங்க, பார்வர்ட்ல சுத்துற ஜீபே நம்பருக்கு போடாதீங்க. ரசீது கண்டிப்பா உண்டு, கணக்கு ஒவ்வொரு மாசமும் ரேஷன் கடை சுவத்துல ஒட்டுவோம்.