பட்டனைத் தட்டினால் யாளி வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், கம்ப்யூட்டரில் வரைவதெல்லாம் ஓவியமே இல்லை, பட்டனைத் தட்டினால் தானாக வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக் கேட்டால் படம் போட்டுத் தரும் செயலிகள் வந்த பிறகு எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், எங்கள் வீட்டிலும்தான். ஆனால் இரண்டு மாதமாக ஒரே ஒரு மிருகத்தை வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பட்டன் எங்கே இருக்கிறதென்று எனக்கு யாரும் காட்டவில்லை.

மிருகம் என்றால் உலகத்தில் இல்லாத மிருகம். செங்காந்தள் பூவிலிருந்து ஒரு யாளி செய்தால் என்ன என்று ஐப்பசி மழையில் தோன்றியது. எங்கள் பின்கட்டுக்கு அந்தப் பக்கம் வேலியில் அது தானாக ஏறிப் பூக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் சொன்ன பூ. எங்கள் அப்பத்தாவுக்கு மட்டும் அது கண்வலிப் பூ, அவ்வளவுதான். "தொட்ட கையைக் கண்ணுல வச்சிராத ஆத்தா" என்பார். கிழங்கு கொடிய விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும்.

முதல் ஒரு வாரம் டேப்லெட்டைத் தொடவே இல்லை. நோட்டும் பென்சிலும்தான். மொட்டு, விரிந்த பூ, வாடிய பூ, பக்கவாட்டில், கீழிருந்து என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆறு இதழும் பின்னுக்கு மடிந்து, ஓரம் நெளிந்து, தீ மாதிரி மேலே நிற்கின்றன. அடியில் ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பி போல விரிகின்றன. சூல்தண்டு இருக்கிறதே, அது புறப்பட்ட இடத்திலேயே சட்டென்று மடங்கி ஒரு பக்கமாகப் போகிறது. இலை நுனியோ சுருண்டு பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது.

பூவிலிருந்து மிருகம் என்றால் பலரும் ஒரு பூனையை வரைந்து தலையில் பூவைச் செருகிவிடுகிறார்கள். அது பூ வைத்த பூனை. கோயில் தூணில் யாளி செதுக்கிய ஸ்தபதி சிங்கத்தின் முகத்தில் தும்பிக்கையை ஒட்டிவைக்கவில்லை, அது எங்கே தொடங்கி எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைவதால்தான் கல் நம் மேல் பாய வருகிறது. அதை நினைத்துக்கொண்டே இதழ்களைப் பிடரியாக்கினேன், தாள்கள் மீசை. இலைநுனிச் சுருள் கால்விரலானதும் இது தூணைப் பற்றி ஏறும் பிராணி என்று தானாகவே முடிவாகிவிட்டது. சூல்தண்டை வாலாக்கியதுதான் வம்பு. எப்படிப் போட்டாலும் ஒடிந்த வால் போலவே இருந்தது, மடங்கும் இடத்தில் மூட்டுப் புடைப்பு ஒன்று வைத்த பிறகுதான் உள்ளே எலும்பு இருக்கிறதென்று நம்ப முடிந்தது. பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆக ஆரஞ்சு, கடைசியில் முழுச் சிவப்பு. சரி, குட்டி யாளி பச்சை, கிழட்டு யாளி சிவப்பு.

இதற்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர். கிரிட்டா என்ற இலவச மென்பொருள். கறுப்பு நிழலுருவமாகச் சின்னச் சின்னதாக முப்பது போட்டு, தள்ளி நின்று பார்த்தால் யாளியாகத் தெரியாதவற்றையெல்லாம் கழித்தேன். பிறகு கோட்டுக்கு ஒரு லேயர், நிறத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த மாதிரி. அழிப்பது சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதை அழிக்க வேண்டும் என்று அது சொல்லாது.

நிழலில் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். யாளியை எங்கள் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நிற்க வைத்திருந்தேன், மேலே திறந்த வானம், காலடியில் சிவப்பு ஆத்தங்குடிக் கல். வயிற்றில் சாம்பல் நிழல் போட்டால் வெட்டி ஒட்டிய பொம்மை மாதிரி இருந்தது. ஒரு நாள் பதினொரு மணி வெயிலில் எவர்சில்வர் தட்டு சரிப்படாமல் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைத் தரைக்குச் சற்று மேலே பிடித்துப் பார்த்தேன், தட்டின் அடியில் சிவப்பு ஏறியிருந்தது. வெயில் தரையில் பட்டு அதன் நிறத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. வயிற்றில் அந்தச் சிவப்பைத் தடவியதும் மிருகம் தரையில் கால் ஊன்றிவிட்டது.

படம் ஏ3 தாள் அளவில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508க்கு 4961 புள்ளிகள். கடையில் பிரிண்ட் போட்டால் சிவப்பெல்லாம் செங்கல் பொடி. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சுக்கு நாலு மைதான், அந்தப் பளீர் சிவப்பு மைக்கு வராது. உங்களுக்குத் தெரியாததா. சிவப்பை மேலும் மேலும் கூட்டிப் பார்த்துத் தோற்று, கடைசியில் சுற்றியிருந்த பச்சையை இருட்டாக்கினேன், சிவப்பு எழுந்தது.

படத்தை இணைத்திருக்கிறேன். போடுவதாக இருந்தால் வண்ணப் பக்கத்தில் போடுங்கள், கறுப்பு வெள்ளையில் எது குட்டி எது கிழம் என்று தெரியாது. அப்பத்தாவிடம் காட்டினேன். பிடரியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த மடங்கிய வால் மேல் விரலை வைத்து, "இது நம்ம வேலிக் கொடில்ல" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.