ஐந்து பாலங்கள்

திருவையாறு,
ஆனி 22.

அன்புள்ள நண்பா,

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கண் மூட முடிவதில்லை என்று நீ எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். 1999-இல் கார்கில் போரின்போது திராஸில் நாம் இருவரும் கழித்த இரவுகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நாம் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. நீ தொடங்கிவிட்டாய், நானும் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் பாடை போகும். வழியெல்லாம் வெடி போட்டுக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம்தானே. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வெடிச் சத்தத்தில் நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். கண்விழித்தபோது பேத்தி அழுதுகொண்டு நின்றிருந்தாள். மறுவாரம் மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரையும் கலந்துரையாடலும் தொடங்கின. அவை இன்றும் தொடர்கின்றன. சில மாதங்கள் கழித்து, மெல்ல ஓடிப் பாருங்கள் என்று அவரே சொன்னார்.

அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. அச்சம் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. ஓடும்போதும் இவைதான் நேர்கின்றன. நாமே விரும்பி இவற்றை வரவழைத்து, தீங்கு எதுவுமின்றி இவை அடங்குவதை நாள்தோறும் காணும்போது, படபடப்பு வந்தாலே ஆபத்துதான் என்று பழகிப்போன உடல் அந்தப் பழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டுவிடுகிறதாம். உறக்கமும் ஆழப்படும் என்றார். எனக்கு அது நான்காம் மாதத்தில்தான் வாய்த்தது.

ஊரிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் தெற்கே போனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள் வரும். நான் கிலோமீட்டரைக் கணக்கு வைப்பதில்லை, பாலங்களைத்தான் எண்ணுகிறேன். முதல் வாரத்தில் பெரிய தவறு செய்தேன்: யூனிட்டில் ஐந்து கிலோமீட்டர் தேர்வுக்கு ஓடியதைப் போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி, குடமுருட்டிப் பாலத்தில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டேன், அன்றிரவு பழைய கனவு இன்னும் மோசமாக வந்தது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம் போதும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். நம்மைப் போன்றவர்களுக்கு ஓடுவதைவிட மெதுவாக ஓடுவதுதான் கடினம். வெண்ணாற்றைத் தொட எனக்கு ஓராண்டு ஆயிற்று.

சென்ற மாசியில் வெட்டாற்றுப் பாலத்தருகே ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. வெடித்தார்கள். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். உடல் முழுதும் நடுங்கியது. ஆனால் அந்தப் படபடப்பு எனக்குத் தெரிந்த படபடப்பாக இருந்தது. பாடை கடந்து போகும்வரை நின்று, பிறகு வீடுவரை நடந்தேன். இன்றும் சில நாட்களில் வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடுகிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஓட்டம் மாத்திரைக்கு மாற்று அன்று. உனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. முதலில் மருத்துவரைப் பார்த்து, அவர் சரியென்ற பிறகு பாமணி ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கு. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணை அழை. அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது, எந்நேரமும் தமிழில் பேசலாம். எனக்கும் அழை, நான் எடுப்பேன்.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு ஏறத்தாழ முடிந்தது. ஆடிப்பெருக்குக் கூட்டம் உனக்கு ஒத்துவராது, அதனால் அதற்கு முந்தைய வாரமே வந்துவிடு. கேன்வாஸ் ஷூவை மறக்காதே. காவிரிப் பாலம்வரை நடப்போம், அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

என்றும் உன் அன்பன்.