ஆயர் ஈத்தாம் அக்காவுக்கு: சோயாப் பாலும் பின்வரிசை மாத்திரைகளும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய அலமாரிப் படத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் ஆளி விதை, வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, காசிப் பாத்திமா காப்பிப் பாக்கெட், பிளாக் கோஹோஷ் மூலிகை மாத்திரை, சந்தையில் வாங்கிய சோயாப் பால். பின்னால் பாதி மறைந்தபடி தைராய்டுக்கான தைராக்சினும் சர்க்கரைக்கான கிளிக்ளசைடும். முன்வரிசையில் எது மெனோபாஸில், அதாவது மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பின்வரிசையைப் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

உங்களுக்கு 51 வயது, மாதவிலக்கு நின்று எட்டு மாதம், ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி நனைகிறது. மெனோபாஸ் வேர்வையாகத்தான் இருக்கும். ஆனால் கிளிக்ளசைடு போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே வேர்வை, இதே படபடப்பு. அதோடு தினமும் ஊறவைத்த வெந்தயம் வேறு குடிக்கிறீர்கள். அதுவும் சர்க்கரையை இறக்கும். அடுத்த முறை நனைந்து எழுந்தால் ஃபேனைக் கூட்டுவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே (மி.கி. கணக்கில் சுமார் 70) காட்டினால் அது சூடு இல்லை, தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். குழம்பில் தாளிக்கும் கால் டீஸ்பூன் வெந்தயத்தால் ஒன்றும் ஆகாது. ராத்திரி ஊறவைத்துக் காலையில் விழுங்கும் இரண்டு டீஸ்பூன் கணக்கே வேறு.

தைராக்சின் அளவு கூடிப்போனாலும் உடம்பு கொதிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். தைராக்சின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? வேர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சோயா. உங்கள் பட்டியலில் நான் கையில் எடுப்பது இதைத்தான். அதற்காக மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, உடம்புச் சூட்டுக்குச் சோயாவையோ மூலிகைகளையோ பரிந்துரைக்கவில்லை. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதே காரணம். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போல லேசாக வேலை செய்யும் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதைக் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் ஈக்குவால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பாக்டீரியா எல்லார் குடலிலும் இல்லை. ஒருவருக்குக் கேட்டு, அவர் தங்கைக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இது மாத்திரை இல்லை, சாப்பாடு. சூடு தணியாவிட்டாலும் புரதமாவது மிச்சம்.

ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்த அளவு ஒரு நாளைக்கு 40 முதல் 80 மி.கி. ஐசோஃபிளேவோன். 100 கிராம் தௌக்வாவில் (கெட்டி டோஃபு) சுமார் 25, ஒரு பெரிய டம்ளர் சோயாப் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே, 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 40 முதல் 60 வரை. கிச்சாப்பில் (சோயா சாஸ்) அநேகமாக ஒன்றும் இல்லை. மத்தியானம் தெம்பே, சாயங்காலம் ஒரு டம்ளர் பால் என்றால் போதும். பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டே வாரத்தில் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தெம்பே வாங்கும்போது வாழையிலையைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை பயற்றை இறுக்கிப் பிடித்து, துண்டு உதிராமல் நிற்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் கறுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. பிசுபிசுப்பு, மூக்கில் ஏறும் அமோனியா நெடி, இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் வேண்டாம். அரை அங்குலத் துண்டாக வெட்டி, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் கசப்பு போகும். பிறகு மஞ்சள், உப்பு, புளித்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். துண்டு தடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும்.

சந்தைச் சோயாப் பாலில் சீனி தாராளம். உங்கள் சர்க்கரைக்கு அது ஆகாது. வீட்டிலேயே காய்ச்சுங்கள். 200 கிராம் சோயாப் பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, துணியில் பிழியுங்கள். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் நுரை குபுகுபுவென்று பொங்கும். பால் காய்ந்துவிட்டது என்று பலரும் இறக்குவது இந்த இடத்தில்தான். அது வெறும் நுரை. உள்ளே இன்னும் வேகவில்லை. அப்படியே குடித்தால் வயிறு உப்பும், வயிற்றால் போகும். தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே பதினைந்து முதல் இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு பாண்டான் இலை போட்டால் பச்சை வாடை தெரியாது.

நேரம்தான் முக்கியம். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறலாம். தே தாரிக் என்ற பால் தேநீரும் காப்பியும் அதற்குப் பிறகுதான். சோயா, கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எதுவானாலும் நான்கு மணி நேரம் தள்ளி. காலையிலேயே மாத்திரையோடு சோயாப் பாலைக் குடித்தால் மருந்து சரியாக ஏறாது. உடம்பு சோர்ந்து எடை போடும், பழி மெனோபாஸ்மேல் விழும். சோயாவை அன்றாடம் ஒரே அளவில் வைத்துக்கொண்டால்தான் டாக்டருக்கும் மாத்திரை அளவு பிடிபடும்.

ஆளி விதையால் சூடு தணிவதாக நல்ல ஆதாரம் இல்லை. மலச்சிக்கலுக்கும் கொழுப்புக்கும் நல்லது. முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியேறும். ஒரு மேசைக்கரண்டி விதையைப் பொடித்து இட்லிப் பொடியில் கலந்துகொள்ளுங்கள். இந்த ஊர்ச் சூட்டில் பொடி சீக்கிரம் காறிப்போகும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் எலும்புக் கவலை தீர்ந்தது என்று நம்புகிறோம். 30 கிராம் மாவில் கிடைப்பது சுமார் 100 மி.கி. கால்சியம். 50ஐத் தாண்டிய பெண்ணுக்கு மலேசியப் பரிந்துரை 1200. ஒரு டம்ளர் பால் 300 தரும். முள்ளோடு நெத்திலி, கறுப்பு எள், முருங்கைக்கீரை எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு எட்டும்.

பிளாக் கோஹோஷை நிறுத்திவிடுங்கள். கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக அறிக்கைகள் உண்டு. ஏற்கெனவே எடுத்திருப்பதால், கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் சொன்ன அமுக்கராவும் வேண்டாம். அது தைராய்டிலும் கைவைக்கும், கல்லீரலிலும். காசிப் பாத்திமா மலாய்ப் பெண்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தும் மூலிகை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காப்பிப் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். முதலில் சீனி, அடுத்து கிரீமர் என்றால், மூலிகை எவ்வளவு இருக்கப்போகிறது? சூடான காப்பியே சிலருக்குச் சூட்டைக் கிளப்பும்.

தண்ணீர்விட்டான் பொடி டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, எட்டு இலக்கம், கடைசியில் டி (T) என்ற எழுத்து வரும் பதிவு எண் இருக்கிறதா? படத்தில் எனக்குத் தெரியவில்லை. எண் இல்லாவிட்டால் உள்ளே ஈயம் இருக்கிறதா, ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எண் இருந்தால் அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள்.

தூக்கமே போய்விட்டது என்றால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். அது மார்பகப் புற்றுநோயைக் கூட்டும் என்று 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் இன்னும் போகவில்லை. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்குப் பொருந்தாது.

மாதவிலக்கு நின்று முழுதாக ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கைமருந்து பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கக் கிளினிக்) போகும்போது அலமாரியில் உள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நெத்திலியை மட்டும் விட்டுவிட்டு.

அன்புடன்,
உங்கள் தங்கை