திகில் குறும்படம்: ஒலி எடுக்கிற ஆக்களுக்கு

எல்லாம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக வேணும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கோ. குரற்பதிவாக அனுப்பினால் சுருங்கிப் பழுதாகும்.

ஒவ்வொரு இடத்திலயும் ஃபேனை நிப்பாட்டி, ஒருத்தரும் கதைக்காமல் 60 செக்கன் சூழல் ஒலி எடுங்கோ. இதை விட்டால் வசனம் வெட்டி ஒட்டுற இடமெல்லாம் பின்னணி அறுந்து கேட்கும். ஏ9 வீதிக்கரை வீட்டில இது இன்னும் முக்கியம்.

காட்டுக் காலடிக்குக் காய்ஞ்ச பனையோலையைச் சாக்கில பரப்பி மிதியுங்கோ, மைக் ஒரு அடி தள்ளி. எலும்பு முறியிறதுக்குப் பச்சை முருங்கைக்காய் தான் திறம். நார் கிழியிற சத்தமும் சேர்ந்து வரும். பதிவு மட்டத்தின்ர உச்சம் -6 டெசிபலுக்குள்ள நிக்கட்டும். 0வில முட்டி உடைஞ்ச ஒலியைப் பிறகு ஒழுங்காத் திருத்தேலாது.

இசைக்கு, கிணற்றுக் கப்பி கிறீச்சிடுறதை எடுத்து வேகத்தைக் கால்வாசியாக்குங்கோ: சுருதி ரெண்டு ஸ்தாயி இறங்கி, நல்ல முழக்கமாகும். 60 ஹேர்ட்ஸ் மாதிரித் தாழ்ந்த முழக்கம் போன் ஸ்பீக்கரில கேளாது, அதால 240 ஹேர்ட்ஸிலயும் ஒரு ஒலியை மெல்லச் சேருங்கோ. திடுக்கிட வைக்கிற வெட்டுக்கு ரெண்டு செக்கன் முன்னம் முழக்கம் முழுசா ஓய்ஞ்சிடவேணும். பயம் பிடிக்கிறது அந்த வெறுமையிலதான், தயவுசெய்து அதை இசையால நிரப்பாதேங்கோ.