நாள் தள்ளிப் போகிற மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் முன்

கோபி, சத்தி, அந்தியூர், பவானி வட்டார மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் உங்கள் சங்கத்து நிர்வாகிகளுக்கும் வணக்கமுங்க.

இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், பெண்கள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் தினமும் விற்கும் ஒரு மாத்திரையைப் பற்றித்தான் இந்த மடல். மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் நாரெதிஸ்டிரோன், 5 மில்லிகிராம். வாங்க வருகிற யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அண்ணா, நாள் தள்ளிப் போற மாத்திரை குடுங்" என்பார்கள். சில நேரம் வீட்டுக்காரரோ பள்ளிக்கூடத்துப் பையனோ துண்டுத்தாளை நீட்டுவார்கள்.

மார்கழியில் பாரியூர்க் கோயில் குண்டம் (தீமிதித் திருவிழா), பங்குனியில் பண்ணாரிக் குண்டம், நடுவில் தை மாதத்துக் கல்யாணங்கள். திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு முடிந்த மறுநாளே இந்த மாத்திரை ஓட ஆரம்பித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நோம்பிக்காக நாளைத் தள்ளிப்போட வேண்டுமா என்பது அவரவர் வீட்டு விஷயம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டாள் என்பது என் எண்ணம், அதை இங்கே திணிக்கவில்லை.

மாத்திரையையும் குறை சொல்லவில்லை. மாதவிடாய்க்கு முன் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவதால்தான் கர்ப்பப்பையின் உள்சவ்வு கழன்று வெளியேறுகிறது. இந்த மாத்திரை அந்த இடத்தை நிரப்பிச் சவ்வைத் தாங்கிப் பிடிக்கிறது; நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தீட்டு வந்துவிடும். வழக்கமாக, வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, நாளைக்கு மூன்று வேளை என்று மருத்துவர் எழுதுவார். நோய்நொடி இல்லாத பெண், சொன்ன அளவில் சில நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. வயிறு உப்பல், மார்பு கனம், தலைவலி, எரிச்சல் வரலாம். முந்தின நாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போய், கேட்கவில்லையே என்று இரண்டு இரண்டாக விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குமட்டலும் மிஞ்சும், தீட்டும் நிற்காது.

சரி, அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? கேட்காமல் கொடுப்பதுதான்.

கவுன்டரில் நடப்பதைச் சொல்கிறேன். கத்தரிக்கோலால் அட்டையில் ஆறு மாத்திரையை வெட்டுகிறீர்கள். மருந்தின் பெயர், காலாவதித் தேதி, சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து என்று காட்டும் ஓரத்துச் சிவப்புக் கோடு எல்லாம் கடையிலேயே தங்கிவிடுகிறது. காக்கிக் கவரின் மேல் 1-1-1 என்று பேனாவால் எழுதி நீட்டுகிறீர்கள். காலில் வீக்கத்தோடு எங்களிடம் வரும் பெண்ணை "என்ன மாத்திரைம்மா சாப்பிட்டே?" என்று கேட்டால், அந்தக் கவரைத்தான் காட்டுகிறாள். மருத்துவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கால் வீக்கத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். நாரெதிஸ்டிரோன் உடம்புக்குள் போனபின் அதில் ஒரு சிறு பங்கு எத்தினைல் எஸ்ட்ராடியோலாக மாறுகிறது. பல கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான்; ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டக் கூடியது. அதனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் இதைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி உண்டா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சில வலிப்பு மாத்திரைகளும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் இதன் வேலையைக் குறைத்துவிடும். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை யார் சொல்லி அனுப்புகிறார்கள்?

கர்ப்பமா என்று பார்க்காமல் கொடுப்பது அடுத்த தவறு. நாள் தள்ளிப்போனதும் "வரவைக்க மாத்திரை" என்று வருகிறவர்கள் உண்டு. கர்ப்பமாக இருந்தால் இது கலைக்காது; சிக்கலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் கலந்த இ.பி. ஃபோர்ட் மாத்திரை பழைய கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பமா என்று பார்க்கவே ஹார்மோன் மாத்திரையை அள்ளிக் கொடுத்த காலம் அது. அந்த உயர் அளவுக் கலவை மாத்திரைகளை 1988இல் மத்திய அரசு தடை செய்தது. இன்று சிறுநீர்ச் சோதனை அட்டை உங்கள் கடையிலேயே இருக்கிறது, முதலில் அதைக் கொடுங்கள். இன்னொன்று: நாளைத் தள்ளிப்போடச் சாப்பிடும் இந்த அளவு கருத்தடைக்கு ஆகாது. ஆகும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர்.

எனக்கு அதிகக் கோபம் வரும் இடம் வேறு. நாற்பத்தைந்து வயதுக்காரர். மாதத்தில் பாதி நாள் தீட்டு படுகிறது. மெடிக்கலில் வாங்கிப் பத்து நாள் சாப்பிட்டார், நின்றது. மாத்திரை முடிந்ததும் மடை திறந்த மாதிரி வந்தது. மறுபடி அட்டை. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, கண்ணிமை வெளுத்து, படி ஏற மூச்சு வாங்கும்போதுதான் எங்களிடம் வருகிறார். நார்க்கட்டியோ, தைராய்டோ, கர்ப்பப்பைச் சவ்வு தடித்ததோ, புற்றுநோயோ, எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேனும், தேவைப்பட்டால் சவ்வில் துளி எடுத்துச் சோதனையும் செய்யாமல் தெரியாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் இந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. அவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் "சீட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டால் அந்த அம்மா பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். "தள்ளிப்போடவா, நிறுத்தவா? கடைசியாக எப்போது ஆனது? ரத்தம் உறைந்தது, மஞ்சள்காமாலை என்று ஏதாவது இருந்ததா? வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு, அதற்காகத்தான் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஏன் என்பதாவது அவருக்குப் புரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டக் காசும் ஆகாது. இதையெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் உரக்கக் கேட்காதீர்கள். கடையில் பெண் பார்மசிஸ்ட் இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மில் விடுதி, கம்பெனி விடுதிகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். பத்துப் பெண்களுக்கு ஒரே வார்டன் வாங்கிப் போனால் யாரிடம் எதைக் கேட்பது?

ஒரு கடை மட்டும் செய்தால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும் என்ற உங்கள் பேச்சு நியாயம்தான். அதனால்தான் சங்கத்துக்கு எழுதுகிறேன். பண்ணாரிக்குப் பூச்சாட்டும் முன் ஒரு கூட்டம் போட்டு, சீட்டோடு வந்தாலும் அட்டையை வெட்டிப் பெயரில்லாமல் தருவதில்லை, சீட்டில்லாமல் தருவதே இல்லை என்று எல்லாக் கடையும் ஒரே மாதிரி முடிவெடுங்கள். கூப்பிட்டால் எங்கள் மருத்துவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கோபி வட்டாரத்துச் செவிலியர் ஒருவர்